கலமும் கண்ணாடிப் பூச்சும்: தொண்டை நாட்டு மட்கல வரலாற்றில் ஒரு வினா

தோற்றுவாய்

சென்னை மாநகரின் மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் பண்டைத் தொண்டை நாட்டின் புழற்கோட்டம், புலியூர்க்கோட்டம் என்னும் பகுதிகளைச் சார்ந்தவை. ஏரிகள் மலிந்த நிலம் இது. ஏரி உள்ள இடத்தில் வண்டல் உண்டு. வண்டல் உள்ள இடத்தில் குயவர் உண்டு. இன்று இவ்வூர்களில் ஏரிக்கரைகளை அடுக்குமாடி வீடுகள் சூழ்ந்துவிட்டன. ஆயினும் சுடுமண் தொழில் புதியதொரு வடிவில் இப்பகுதிக்குத் திரும்பி வருவதைக் காண்கின்றோம். வீட்டு மாடியில் சிறு மின்சூளை அமைத்து, கலம் வனைந்து, அதன்மேல் கண்ணாடிப் பூச்சிட்டுச் சுடும் ஆர்வலர் சென்னைப் புறநகர்களில் பெருகி வருகின்றனர். அவர்தம் முதல் மனக்குறை ஒன்றே: பூச்சு பிழைபடுகின்றது. சில கலங்களில் மயிர்க்கோடுகள் ஓடுகின்றன. சிலவற்றில் பூச்சு சுருண்டு ஒதுங்குகின்றது. சிலவற்றில் ஊசித்துளைகள் தோன்றுகின்றன.

தமிழ்த்துறை இதழில் இதற்கு என்ன இடம் என அறிஞர் வினவக்கூடும். இரண்டு காரணங்களால் இடம் உண்டு என்பது நம் கருத்து. ஒன்று, ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகச் சிறந்து விளங்கிய தமிழ்க் குயவர் கண்ணாடிப் பூச்சைப் பெரும்பாலும் கொள்ளாதது ஏன் என்னும் வரலாற்று வினாவிற்கு, இன்றைய பிழைகளே விடை தருகின்றன. மற்றொன்று, பிழைபட்ட ஓடு வரலாற்றாசிரியனுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று. இவ்விரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லைத் தெளிதல் வேண்டும். 'மெருகு' என்னும் சொல்லை இன்று இரு பொருளில் வழங்குகின்றோம். பச்சைக் கலம் பாதி உலர்ந்த நிலையில் கூழாங்கல்லால் தேய்த்துப் பெறும் பளபளப்பு ஒன்று. மணற்சத்தும் உருக்கியும் சேர்ந்து நெருப்பில் உருகிக் கலத்தின்மேல் படியும் கண்ணாடிப் படலம் மற்றொன்று. முன்னது கலத்தின் மேனியே. பின்னது கலத்திற்கு வேறாய் அதன்மேல் போர்த்த ஆடை. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் குறிப்பதால் விளையும் மயக்கம் சிறிதன்று. அகழாய்வு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'மெருகேற்றிய கருப்பு சிவப்பு மட்கலம்' எனக் காணும் மாணவர், அக்காலத்தே கண்ணாடிப் பூச்சு இருந்தது எனக் கொண்டுவிடுகின்றனர். அது பிழை. ஆதலின் இக்கட்டுரையில் தேய்த்துப் பெறுவதை 'மெருகு' என்றும், உருக்கிப் பெறுவதைக் 'கண்ணாடிப் பூச்சு' அல்லது 'பூச்சு' என்றும் வேறுபடுத்தி ஆள்வோம்.

பூச்சிட்ட வெண்கலனுக்கு நாம் வழங்கும் 'பீங்கான்' என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. வனைதல், சூளை, கலம், தாழி, குடம், ஓடு என இத்தொழிலின் அடிப்படைச் சொற்கள் யாவும் தமிழாக இருக்க, பூச்சிட்ட பொருளின் பெயர் மட்டும் அயற்சொல்லாக இருத்தல் கருதத்தக்கது. பொருள் எவ்வழி வந்ததோ அவ்வழியே சொல்லும் வந்தது என்க.

ஊர்ப்பெயர்களும் சான்று பகர்கின்றன. சென்னையின் சூளை, சூளைமேடு என்னும் பெயர்கள் செங்கற் சூளைகளால் அமைந்தன என்பர். புரசைவாக்கத்தை அடுத்த கொசப்பேட்டை குயவர் குடியிருப்பு. இன்றும் மண்ணாலாகிய பிள்ளையார் உருவங்களுக்குப் பெயர்பெற்றது. பல்லவர் செப்பேடுகளில் குயவர்மீது விதித்த வரி 'குசக்காணம்' எனப்படுகின்றது. குயவன் என்பதன் மற்றொரு வடிவமாகிய குசவன் என்பதே ஈண்டு வந்தது. பின்னெழுத்து அகரம் ஏறி வருமிடத்து முதலெழுத்தின் உகரம் பேச்சில் ஒகரமாதல் தமிழில் இயல்பு. அவ்வாறே குசவர்பேட்டை கொசப்பேட்டை ஆயிற்று எனக் கொள்ளலாம். பல்லவர் காலத்து வரிப்பெயரில் உள்ள சொல், சென்னைத் தெருப்பெயரில் இன்றும் உயிரோடிருக்கின்றது.

பண்டைச் சான்றுகள்

இந்நிலப்பகுதியின் மட்கலத் தொன்மை ஐயத்திற்கு இடமற்றது. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ 1887ஆம் ஆண்டளவில் கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை, பெருங்கற்காலக் குயவரின் திறத்திற்கு நற்சான்று. பல கால்களோடு கூடிய அத்துணைப் பெரிய பேழையை வெடிப்பின்றி உலர்த்திச் சுடுதல் எளிதன்று. பொன்னேரிப் பகுதியில் அமிர்தமங்கலத்தில் 1950களில் நிகழ்ந்த அகழாய்வும், திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் 2015-16இல் மாநிலத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வும் கருப்பு சிவப்பு மட்கலங்களை வெளிக்கொணர்ந்தன. இக்கலங்களின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருமை, புறம் செம்மை. கலத்தைக் கவிழ்த்துச் சூளையில் அடுக்கி, உள்ளே காற்றுப் புகாமல் புகையும் கரியும் படியச் செய்ததால் இவ்விருநிறம் அமைந்தது என்பது பெரும்பான்மையோர் கருத்து. பளபளப்பு முழுதும் மெருகால் வந்தது. பூச்சு அங்கு இல்லை.

இலக்கியச் சான்றும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. புறநானூற்று 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் இறந்தபோது, அவனுக்கேற்ற பெருந்தாழி வனைய வல்லையோ எனக் குயவனை விளித்து இரங்குகின்றார். அங்குச் சூளையிலிருந்து எழும் புகையின் செறிவைப் புலவர் விரித்துரைக்கின்றார். அத்தகைய அடர்புகை, காற்றுக் குறைந்த எரிதலின் அடையாளம். கருப்பு சிவப்புக் கலம் பிறப்பது அத்தகைய புகையிலேதான். கண்ணாடிப் பூச்சிற்கோ, குறிப்பாக ஈயம் கலந்த பூச்சிற்கு, அப்புகையே பகை. பூச்சு கறுத்துக் கொப்புளிக்கும். எனவே புலவர் கண்ட சூளை பூச்சுச் சூளையன்று என்பது போதரும். புறநானூறு 32ஆம் பாட்டில் கோவூர்கிழார், நலங்கிள்ளி நினைத்தவாறெல்லாம் நாடு அமைவதற்குக் குயவர் சிறாரின் சக்கரத்து மண்ணை உவமை கூறினார். இக்கோவூர் பூவிருந்தவல்லியை அடுத்த தொண்டை நாட்டுக் கோவூரே எனக் கொள்வாரும் உளர். ஊர்ப்பெயரின் ஒற்றுமை ஒன்றே போதிய சான்றாகாமையின் அதனை நாம் வலியுறுத்தவில்லை.

பூவிருந்தவல்லிக்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்தவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரியபுராணத்துள் தில்லைக் குயவராகிய திருநீலகண்டர் அடியார்க்குத் திருவோடு வழங்கிய வரலாறு வருகின்றது. அவ்வரலாற்றில் வழக்கு எழுவது ஓர் ஓட்டின் பொருட்டு. ஓடு மலிவானது, உடைந்தால் வேறு பெறலாம், தீட்டுப்பட்டால் எறிந்துவிடலாம். மட்கலம் நீரையும் சாற்றையும் உறிஞ்சிக்கொள்வதால் அதனைக் கழுவித் தூய்மை செய்ய இயலாது என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரூன்றியது. பொங்கலுக்குப் புதுப்பானை, சாவீட்டில் பானை உடைத்தல் ஆகிய வழக்கங்கள் இவ்வெண்ணத்தோடு இயைந்தவை. அடிக்கடி மாற்றப்படும் கலத்திற்கு நெடுநாள் உழைக்கும் விலையுயர்ந்த பூச்சு எதற்கு? நீரைக் குளிர்விக்கும் பானைக்கோ பூச்சு கேடே செய்யும். நுண்துளை வழி நீர் கசிந்து ஆவியாவதாலன்றோ பானை நீர் குளிர்கின்றது? ஆகவே பூச்சின்மையை அறியாமை எனல் பொருந்தாது. நாட்டின் தட்பவெப்பமும் வாழ்க்கை முறையும் பூச்சை வேண்டவில்லை.

பூச்சு வந்த வழி

ஆயினும் பூச்சிட்ட கலங்களைத் தமிழர் கண்டறியாதிருந்தாரல்லர். கங்கைகொண்ட சோழபுரம், பெரியபட்டினம் முதலிய இடங்களில் கிடைத்த சீனக் கலங்களின் ஓடுகள், கடல் வாணிகத்தின் வழி அவை வந்ததைக் காட்டுகின்றன. பிற்காலத்தே உள்நாட்டிலும் பூச்சுக் கலத்தொழில் சில இடங்களில் தழைத்தது. மதுரையின் பச்சைப் பூச்சும் பொன்னிறப் பழுப்புப் பூச்சும் கொண்ட நீர்க்குடுவைகளை ஜார்ஜ் பேர்ட்வுட் 1880இல் வெளியிட்ட தம் நூலில் பாராட்டினார். வேலூரை அடுத்த கரிகிரியில் பூச்சுக் கலத்தொழில் இன்றும் நிகழ்கின்றது.

சென்னையில் இத்தொழிலை முறைப்படிக் கற்பிக்க முயன்றவர் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். இவர் 1850இல் தம் சொந்தப் பொருளால் கலைப்பள்ளியொன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு தொழிற்பள்ளியும் அதனோடு சேர்ந்தது. 1855இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. இந்நாட்டு மண்வகைகளைச் சோதித்து, மட்கலம், கட்டட அணியுறுப்பு ஆகியவற்றைச் செய்யப் பயிற்றுதல் அப்பள்ளியின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. பின்னர் 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகிய இருவர் புதுச்சேரியில் நிறுவிய மட்கலக்கூடம் உயர்வெப்பக் கற்கலன் முறையை இங்கே பரப்பிற்று. அங்குப் பயின்றோர் பலர். இன்றைய வீட்டுச் சூளையாளர் பலரின் கல்வி, நேராகவோ பிறர் வழியாகவோ, அம்மரபினின்று வருவது.

ஈண்டு ஒன்று நோக்குக. ஏரி வண்டல் இரும்பு மிக்கது. ஊர்க்குயவர் வைக்கோலும் வரட்டியும் விறகும் கொண்டு சுடும் சூளையின் வெப்பம் பொதுவாக 700 முதல் 850 பாகை செல்சியசு வரையில் நிற்கும். 1100 பாகையை அணுகினாலோ அம்மண் பெரும்பாலும் வளைந்து குலையும். கற்கலனுக்குரிய பூச்சு உருகுவதோ 1200 பாகைக்கு மேல். ஆதலின் நம் ஏரி மண்ணும் அப்பூச்சும் ஒருங்கு வாழ இயலா. ஏரி மண்ணின்மேல் பூச்சு வேண்டுமாயின் ஈயமோ வெண்காரமோ சேர்த்துத் தாழ்ந்த வெப்பத்தில் உருக்குதல் வேண்டும். பூச்சு தமிழ்நாட்டில் எங்கும் பரவாமைக்கு, பண்பாட்டுக் காரணத்தோடு இப்பொருட்காரணமும் சேர்ந்தது என்பது நம் முடிபு.

பிழைகளும் மூவகைக் காரணமும்

சைவ சித்தாந்த நூலார் காரணம் மூன்று என்பர்: குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். பூச்சின் பிழைகளை ஆராய்வதற்கும் இப்பகுப்பு நன்கு உதவுகின்றது. அவ்வெடுத்துக்காட்டில் நெருப்புப் பேசப்படவில்லை. நாம் சூளையைத் துணைக்காரணத்துள் அடக்கிக் கொள்வோம்.

முதற்காரணப் பிழையுள் தலையாயது மயிர்க்கோடு. கலமும் பூச்சும் சூட்டில் ஒருங்கு விரிந்து, ஆறும்போது ஒருங்கு சுருங்குகின்றன. பூச்சு கலத்தைவிட மிகுதியாகச் சுருங்கினால், உடலுக்குச் சிறிதாகிப் போன சட்டைபோல் இழுபட்டு, வலைபோல் வெடிக்கும். பூச்சில் மணற்சத்தை ஏற்றுதல், சோடா பொட்டாசு உப்புகளைக் குறைத்தல், கலத்தின் மண்ணில் நுண்ணிய வெண்கல் தூள் சேர்த்தல், முதற்சூட்டைச் சற்று உயர்த்துதல் ஆகியன இதன் தீர்வுகள். இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. பூச்சு குறைவாகச் சுருங்கினால் நெருக்குண்டு விளிம்புகளில் சிம்புகளாக உதிரும். அதற்குத் தீர்வும் மறுதலையே. எனவே, எப்பிழை என்று அறியாமல் தீர்வை நாடுவோர் நோயைப் பெருக்குவர்.

மயிர்க்கோடு சூளையைத் திறந்த அன்றே தோன்றவேண்டும் என்பதில்லை. முற்றவேகாத கலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்லப் பருக்கும். திங்கள் பல கழித்துப் பூச்சு வெடிக்கும். கடற்காற்று வீசும் சென்னைக்கு இது பெரிதும் பொருந்தும். கொதிநீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறிப் பலமுறை இட்டுப் பார்த்தால் இக்குறையை ஓரளவு முன்னரே அறியலாம்.

ஏரி மண்ணுக்கே உரிய பிழைகள் வேறு இரண்டு. வண்டலில் நத்தை ஓட்டுத் துண்டும் சுண்ணாம்புக் கல்லும் கலந்திருப்பின், அவை சூட்டில் நீறாகி, பின் ஈரம் பட்டுப் பருத்து, கலத்தின் மேனியைப் பிட்டுத் தள்ளும். பிட்ட குழியின் நடுவே வெண்புள்ளி காணப்படும். அதுவே இப்பிழையின் அடையாளம். மண்ணை நீரில் கரைத்து நுண்சல்லடையில் வடித்தலே தீர்வு. மண்ணில் உப்புக் கரைந்திருப்பின் உலரும்போது அது விளிம்பிலும் பிடியிலும் வெண்மையாகப் பூக்கும். பூச்சு அவ்விடத்தே பற்றாது. மழை பெய்து கழுவிய மண்ணையும், பழகிய மண்ணையும் ஊர்க்குயவர் விரும்புவது இதனாலும் ஆகலாம்.

துணைக்காரணப் பிழைகள் சூளையில் பிறப்பன. மண்ணில் உள்ள இலைதழைச் சத்தும் கரியும் முதற்சூட்டில் முற்ற எரியாவிட்டால், பின்னர்ப் பூச்சு உருகும்போது வளியாக வெளியேறி ஊசித்துளை இடும். 700 முதல் 900 பாகை வரையிலான படியில் விரைவைக் குறைத்துக் காற்றோட்டம் தருதல் வேண்டும். கொப்புளமும் வழிதலும் மிகுசூட்டின் குறிகள். சொரசொரப்பும் மங்கலும் குறைசூட்டின் குறிகள். ஒரே மண்ணும் ஒரே பூச்சும் கொண்ட மூன்று சிறு கிண்ணங்களைச் சூளையின் மேல், நடு, கீழ் என மூவிடத்து வைத்துச் சுட்டால், பிழை பூச்சினதா சூளையினதா என்பது ஒரே நாளில் விளங்கும். வெண்கல் 573 பாகையில் திடுமென அளவு மாறும் இயல்பினது. அப்படியில் சூளையை விரைந்து குளிர்வித்தால் கலமே பிளக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கலம் உலர்ந்ததுபோல் தோன்றி உள்ளே ஈரம் தங்கும். அதனை விரைந்து சூடேற்றின் நீராவி கலத்தைச் சிதறடிக்கும்.

நிமித்த காரணப் பிழை கையினது. எண்ணெய்க் கை பட்ட இடத்தும் தூசு படிந்த இடத்தும் பூச்சு ஒட்டாது, தாமரை இலை நீர்போல் ஒதுங்கித் திரளும். பூச்சைத் தடிப்பாக இட்டால் உலரும்போதே சேறுபோல் வெடித்து, உருகும்போது அவ்வெடிப்பின் இருபுறமும் சுருண்டு பின்வாங்கும். ஒதுங்கிய விளிம்பு உருண்டு திரண்டிருக்குமாயின் பிழை உருகுமுன் தோன்றியது. விளிம்பு கத்திபோல் கூராக இருப்பின் ஆறும்போது தோன்றியது. இந்நுண்குறியை அறிந்தோர் பாதி வழி கடந்தவராவர்.

ஈயம் பற்றிய எச்சரிக்கை

தாழ்ந்த வெப்பத்தில் எளிதில் உருகிக் குறையின்றிப் படியும் பூச்சு ஈயப்பூச்சு. பிழைகண்டு சலித்தோர் அதனை நாடுவது இயல்பு. ஆயின் நம் உணவு புளியும் மோரும் எலுமிச்சையும் கலந்தது. செம்மையாக அமையாத ஈயப்பூச்சைப் புளிப்பு கரைத்து உணவில் சேர்க்கும். அந்நஞ்சு சிறுவர்தம் மூளைவளர்ச்சியைக் கெடுக்கும். மயிர்க்கோடுள்ள குவளை கண்ணுக்குத்தான் குறை. ஈயம் கசியும் குவளையோ கண்ணுக்கு அழகாயிருந்தே உயிருக்குக் குறை செய்யும். உண்கலத்திற்கு வெண்காரம் அடிப்படையான, ஈயமற்ற பூச்சே உரியது.

பிழைபட்ட ஓடு தரும் சான்று

இனி, முன்னர்க் கூறிய இரண்டாவது காரணத்திற்கு வருவோம். ஓரூரில் அழகிய பூச்சுக் கலத்தின் ஓடு கிடைத்தால் அஃது அவ்வூரில் செய்யப்பட்டது எனல் ஆகாது, வாணிகர் கொணர்ந்திருக்கலாம். ஆனால் வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிய கலங்களையும், கொப்புளித்துக் குலைந்த ஓடுகளையும் விலைகொடுத்து வாங்கித் தொலைவு கொண்டுசெல்வார் யாருமிலர். அவை கிடக்குமிடமே சூளை இருந்த இடம். நல்ல கலம் நுகர்ந்தவன் ஊரைச் சொல்லும். கெட்ட கலம் வனைந்தவன் ஊரைச் சொல்லும். ஆதலின் கள ஆய்வு செய்யும் மாணவர் முழுக்கலத்தை மட்டும் தேடாது சூளைக் கழிவையும் தேடுதல் வேண்டும். அதன் பிழை முற்கூறிய மூன்று காரணங்களுள் எதனால் நேர்ந்தது எனக் கண்டால், பண்டைக் குயவன் எம்மண்ணை எடுத்தான், எவ்வளவு சூடேற்றினான், எங்கே கை தவறினான் என்பதும் விளங்கும்.

அச்சான்றுகள் விரைந்து அழிந்து வருகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது முதல் இப்பகுதியின் நிலம் இடையறாது தோண்டப்பட்டு வருகின்றது. அடித்தளம் தோண்டும் பொறி ஓட்டுக் குவியலையும் குப்பையையும் வேறுபடுத்தி அறியாது. குயவர் மண் எடுக்கும் உரிமையும் ஏரிகளின் சுருக்கத்தால் நலிந்தது. வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என 2024இல் அரசு வகைசெய்தது நன்று. ஆயின் மண்ணை அறிந்த முதியோர் மறையுமுன் அவர்தம் சொற்களையும் தொகுத்தல் வேண்டும். பச்சைக் கலத்தின் உலர்வைக் கையால் தொட்டறிந்து கூறும் சொல், வெந்த கலத்தைத் தட்டி ஓசையால் அறிந்து கூறும் சொல், சூளையின் நிறம்பார்த்துக் கூறும் சொல் ஆகியன அகராதிகளில் போதிய அளவு ஏறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தொண்டை நாட்டுக் குயவர் பூச்சைக் கொள்ளாமை திறமைக் குறையன்று, மண்ணும் சூளையும் வாழ்க்கை முறையும் ஒருங்கு விதித்த தேர்வு என்பதும், மெருகு வேறு பூச்சு வேறு எனச் சொல்லளவில் தெளிதல் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது என்பதும், பிழைபட்ட ஓடு எறியத்தக்க பொருளன்று என்பதும் பெறப்பட்டன. திருவள்ளுவர் 660ஆம் குறளில், தீய வழியில் ஈட்டிய பொருளைக் காத்தல் சுடாத மட்கலத்தில் நீரைப் பெய்து வைப்பதோடு ஒக்கும் என்றார். சான்றின்றிச் சேர்த்த வரலாறும் அத்தகையதே. அம்பத்தூரில் இன்று ஒருவர் தம் மாடிச் சூளையைத் திறந்து, வெடித்த பூச்சைக் கண்டு வருந்துவாராயின், அவ்வோட்டை எறியாது, எம்மண், எப்பூச்சு, எவ்வளவு சூடு, என்ன பிழை என எழுதி வைப்பாராக. தமக்கு அடுத்த சூட்டில் அது பயன்படும். பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு அது சான்றாகும்.